குவாங்ஜு சதுக்கம்: ஒரு சொல்லை மாற்றிய குடும்பங்கள்

(குடும்பங்களுக்கான ஞாயிறு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாரத்தில் ஒரு நாள்தான் உங்களில் பலருக்கு ஓய்வு. ஓவர்டைமை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

கொரியா என்றால் நம் வீடுகளில் என்ன தெரியும்? அம்மாவும் மகளும் உட்கார்ந்து பார்க்கும் நாடகம் தெரியும். பிள்ளைகள் பாடும் பாட்டு தெரியும். கைத்தொலைபேசி, கார், குளிர்சாதனப் பெட்டி தெரியும். ஒழுங்கான நாடு, பணக்கார நாடு, பிரச்சினை இல்லாத நாடு என்று நினைக்கிறோம். அந்த நாட்டின் ஒரு நகரத்தில் உள்ள ஒரு சதுக்கத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நகரத்தின் பெயர் குவாங்ஜு. தென் கொரியாவின் தென்மேற்கில் இருக்கிறது. சதுக்கத்தின் பெயர் மே 18 ஜனநாயகச் சதுக்கம்.

நீங்கள் அங்கே போய் நின்றால் பெரிதாக ஒன்றும் தெரியாது. நடுவில் வட்டமான ஒரு நீரூற்று. ஒரு பக்கம் வெள்ளை நிறத்தில் ஒரு பழைய அரசாங்கக் கட்டடம். எதிரே கும்னம்-ரோ என்ற அகலமான தெரு. ஓர் ஓரத்தில் ஒரு மணிக்கூண்டு. அந்த மணிக்கூண்டு நாள்தோறும் மாலை 5 மணி 18 நிமிடத்துக்கு ஒரு பாட்டை இசைக்கும். ஏன் 5.18? மே மாதம் 18-ஆம் தேதி. அந்தத் தேதியில் தொடங்கிப் பத்து நாள் அங்கே நடந்ததையும், அதற்குப் பிறகு பல ஆண்டுகள் நடந்ததையும் சொல்கிறேன். பத்து நாள் கதையைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது பிறகு நடந்ததுதான்.

தாழ்த்திப் பேசப்பட்ட ஒரு வட்டாரம்

குவாங்ஜு இருக்கும் வட்டாரத்துக்கு ஜொல்லா என்று பெயர். நெல் விளையும் பூமி. பார்க் சுங்-ஹீ என்ற ராணுவத் தலைவர் 1961-இல் ஆட்சியைப் பிடித்து 1979 வரை ஆண்டார். அவர் காலத்தில் தொழிற்சாலைகளும் துறைமுகங்களும் நெடுஞ்சாலைகளும் பெரும்பாலும் அவருடைய சொந்த வட்டாரமான கியோங்சாங் பக்கமே போயின. ஜொல்லா மக்கள் பிழைப்புத் தேடித் தலைநகர் சியோலுக்குப் போனார்கள். கூலி வேலை, வீட்டு வேலை, தொழிற்சாலை வேலை. அவர்கள் பேசும் பேச்சை வைத்தே கேலி செய்தார்கள். நம்பத் தகாதவர்கள் என்று முத்திரை குத்தினார்கள். ஒரே இனம், ஒரே மொழிதான். ஆனாலும் ஒதுக்கப்பட்டார்கள். இந்த அனுபவம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1979 அக்டோபர் 26-இல் பார்க் சுங்-ஹீ சுட்டுக் கொல்லப்பட்டார். இனி நல்ல காலம் என்று மக்கள் நினைத்தார்கள். டிசம்பர் 12-இல் சுன் டூ-ஹ்வான் என்ற தளபதி ராணுவத்துக்குள்ளேயே கவிழ்ப்பு நடத்தி அதிகாரத்தைக் கையில் எடுத்தார். 1980 மே மாதம் நாடு முழுக்க மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். குவாங்ஜுவில் அவர்கள் கூடிய இடம் அந்த நீரூற்றுதான். அதன் மேல் ஏறி நின்று பேசினார்கள். மே 16 இரவு தீப்பந்தம் ஏந்தி ஊர்வலம் போனார்கள். எந்த அசம்பாவிதமும் இல்லை.

மே 17 நள்ளிரவில் ராணுவச் சட்டம் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர் கிம் டே-ஜுங் கைது செய்யப்பட்டார். அவர் ஜொல்லாக்காரர். மறுநாள் காலை பல்கலைக்கழக வாசலில் மாணவர்களைப் பாராசூட் படையினர் மறித்தார்கள். மாணவர்கள் நகரத்துக்குள் ஓடினார்கள். படையும் பின்னாலேயே வந்தது.

பத்து நாள்

அந்தப் படையினர் கையில் தடியும் துப்பாக்கி முனைக் கத்தியும் இருந்தன. மாணவன் யார், வேலைக்குப் போகிறவன் யார் என்று பார்க்கவில்லை. பேருந்தில் இருந்தவர்களை இறக்கி அடித்தார்கள். காது கேளாத, வாய் பேச முடியாத ஓர் இளைஞர், கைக்குழந்தைக்குத் தகப்பன், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் அடிபட்டார். அடுத்த நாள் இறந்தார். முதலில் உயிரிழந்தவர் அவர்தான்.

இதைக் கண்ணால் பார்த்த உள்ளூர்ச் செய்தியாளர்கள் எழுதினார்கள். தணிக்கை ஒரு வரியைக்கூட விடவில்லை. மே 20-ஆம் தேதி ஒரு நாளிதழின் செய்தியாளர்கள், பார்த்ததை அச்சிட முடியாத வெட்கத்தில் பேனாவைக் கீழே வைக்கிறோம் என்று எழுதிக் கொடுத்துக் கூட்டாக வேலையை விட்டு விலகினார்கள்.

அன்று மாலை நடந்ததைக் கேளுங்கள். டாக்சி ஓட்டுநர்கள் விளையாட்டரங்கின் முன் கூடினார்கள். அடிபட்டவர்களை மருத்துவமனைக்கு ஏற்றிப் போனதற்காக அவர்களும் அடி வாங்கியிருந்தார்கள். பேருந்துகள் முன்னே, லாரிகளும் டாக்சிகளும் பின்னே, 200 வண்டி அளவில் முன்விளக்கைப் போட்டு, ஹாரனை அழுத்திக்கொண்டு, கும்னம்-ரோ வழியாகச் சதுக்கத்தை நோக்கி மெதுவாக வந்தன. அதுவரை மாணவர் போராட்டமாக இருந்தது, அன்றிரவு முழு நகரத்தின் போராட்டம் ஆனது. அதைச் செய்தவர்கள் நாள் வாடகைக்கு வண்டி ஓட்டியவர்கள்.

மே 21, பகல் ஒரு மணி அளவு. சதுக்கத்தின் முன் பெருங்கூட்டம். ஒலிபெருக்கியில் நாட்டுப்பண் ஒலித்தது என்றும் அதோடு துப்பாக்கிச் சூடு தொடங்கியது என்றும் அங்கே இருந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். சொந்த நாட்டு ராணுவம், சொந்த நாட்டுக் கொடியைப் பிடித்திருந்த மக்களைச் சுட்டது. டசன் கணக்கானோர் அந்தப் பகலிலேயே மாண்டார்கள். அதற்குப் பிறகுதான் மக்கள் சுற்று வட்டாரக் காவல் நிலையங்களில் இருந்து துப்பாக்கிகளை எடுத்து வந்தார்கள். அன்று மாலை ராணுவம் நகர எல்லைக்குப் பின்வாங்கியது.

அடுத்த ஐந்து நாள் குவாங்ஜுவில் அரசாங்கம் இல்லை. ஏழு இலட்சம் பேர் வாழும் நகரம். வெளியே போக வழியில்லை, தொலைபேசி துண்டிப்பு. இப்படி ஓர் ஊரில் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? கடையை உடைப்பார்கள், வங்கியைக் கொள்ளையடிப்பார்கள் என்றுதான் அரசாங்கம் உலகத்துக்குச் சொன்னது. வங்கிகள் கொள்ளை போகவில்லை. யாங்-டோங் சந்தையிலும் டேயின் சந்தையிலும் வியாபாரம் செய்த பெண்கள் தெருவில் பானை வைத்துச் சோறாக்கி, உப்புப் போட்டு உருண்டை பிடித்து, வண்டிகளில் போகும் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். மருத்துவமனையில் இரத்தம் வேண்டும் என்றதும் வரிசை நின்றது. பள்ளி மாணவிகள் வந்தார்கள். மதுக்கடைகளில் வேலை செய்த பெண்களும் வந்தார்கள். எங்கள் இரத்தத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சதுக்கத்துக்கு எதிரே இருந்த தற்காப்புக் கலைக் கூடத்தில் சவப்பெட்டிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் நாட்டுக் கொடியைப் போர்த்தினார்கள்.

நீரூற்றைச் சுற்றி ஐந்து முறை பொதுக்கூட்டம் நடந்தது. யார் வேண்டுமானாலும் மேலேறிப் பேசலாம். அவர்களுக்குள் சண்டையும் வந்தது. அதை மறைக்கக் கூடாது. பெரியவர்கள் பலர், துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம், இன்னும் பிள்ளைகள் சாக வேண்டாம் என்றார்கள். இளையவர்கள், செத்தவர்களைக் கலகக்காரர் என்று சொல்கிறார்களே, அந்தச் சொல்லைத் திரும்பப் பெறாமல் எதைக் கொடுப்பது என்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. மே 26 காலை டாங்கிகள் நகரத்துக்குள் நகர்ந்தபோது, துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம் என்று சொன்ன அதே பெரியவர்கள்தான் வெறுங்கையோடு டாங்கிகளை நோக்கி நடந்துபோய் மறித்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் ஒன்று கொரியாவை நோக்கி வருகிறது என்ற செய்தி வந்ததும் சதுக்கத்தில் கைதட்டினார்கள். நம்மைக் காப்பாற்ற வருகிறார்கள் என்று நம்பினார்கள். கப்பல் அதற்காக வரவில்லை. குவாங்ஜுவை அடக்கப் போன படைப்பிரிவை அமெரிக்கத் தளபதி தடுக்கவும் இல்லை.

கடைசி இரவு

யூன் சாங்-வொன் என்ற பெயரை நினைவில் வையுங்கள். விவசாயி மகன். பல்கலைக்கழகம் முடித்துச் சியோலில் வங்கி வேலை கிடைத்தது. அதை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பித் தொழிற்சாலையில் சேர்ந்தார். ஆலைத் தொழிலாளர்கள் வேலை முடிந்து வந்து படிக்கும் ஓர் இரவுப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தார். செய்தித்தாள் எதுவும் உண்மை எழுதாத அந்த மே மாதத்தில், அந்த இரவுப் பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து துண்டுத்தாள் அச்சடித்து ஊர் முழுக்கக் கொடுத்தார்கள். மக்கள் தரப்பின் பேச்சாளர் ஆனார் யூன். மே 26-இல் வெளிநாட்டுச் செய்தியாளர்களைக் கூப்பிட்டு நடந்ததை எல்லாம் சொன்னார்.

அன்றிரவு ராணுவம் வரப்போவது எல்லாருக்கும் தெரியும். அரசாங்கக் கட்டடத்தில் இருந்த பெண்களையும் பள்ளிப் பையன்களையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். சில பையன்கள் போக மறுத்தார்கள். விடியற்காலை ஒலிபெருக்கியில் ஓர் இளம் பெண்ணின் குரல் கேட்டது. ராணுவம் வருகிறது, எங்களை மறக்காதீர்கள் என்ற பொருளில் அந்தக் குரல் கெஞ்சியது. வீடுகளுக்குள் விளக்கை அணைத்துவிட்டு அதைக் கேட்டவர்கள், வெளியே போகாத குற்ற உணர்வை ஆயுள் முழுக்கச் சுமந்ததாகப் பிறகு சொன்னார்கள். மே 27, விடிவதற்குள் எல்லாம் முடிந்தது. யூன் சாங்-வொனும் அவரோடு இருந்த பலரும் அந்தக் கட்டடத்திலேயே மாண்டார்கள். அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

இறந்த பொதுமக்கள் என்று அரசாங்கமே பின்னாளில் ஏற்றுக்கொண்ட எண்ணிக்கை 160-க்கும் மேல். காணாமல் போனவர்கள் என்று ஏற்கப்பட்டோர் 70-க்கும் மேல். உடல் கிடைக்காத தாய்மார்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு

இப்போதுதான் நான் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது.

அரசாங்கம் இறந்தவர்களைக் கலகக்காரர்கள் என்றது. வட கொரியாவின் தூண்டுதல் என்றது. உடல்களைக் குப்பை லாரிகளில் ஏற்றி மாங்வொல்-டோங் என்ற இடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். மகனைப் பறிகொடுத்த தாய்க்கு மகன் குற்றவாளி என்ற பெயரும் சேர்ந்து வந்தது. அண்ணன் செத்ததால் தம்பிக்கு வேலை கிடைக்கவில்லை.

அந்தக் குடும்பங்கள் யார்? சந்தை வியாபாரி, ஓட்டுநர், தையல்காரர், ஆலைத் தொழிலாளி. படிப்பு அதிகம் இல்லை, பணம் இல்லை, ஆள் பலம் இல்லை. அவர்கள் செய்தது என்ன?

முதலாவது, கல்லறையை விட்டுக் கொடுக்கவில்லை. மக்கள் அங்கே கூடுவது அரசாங்கத்துக்குப் பிடிக்கவில்லை. பணம் தருகிறோம், உங்கள் பிள்ளையின் உடலை வேறு ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று 1983-இல் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பேசினார்கள். சில குடும்பங்கள் இணங்கின. அவர்களைக் குறை சொல்ல நமக்குத் தகுதி இல்லை. பல குடும்பங்கள் மறுத்தன. மறுத்ததால்தான் அந்த இடம் அழியாமல் நின்றது.

இரண்டாவது, பொருள்களைப் பத்திரப்படுத்தினார்கள். இரத்தக் கறை பட்ட சட்டை, மாணவர் அட்டை, புகைப்படம், நாட்குறிப்பு. அந்த நாள்களில் பள்ளிக் குழந்தைகளும் இல்லத்தரசிகளும் தங்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தது. வைத்திருந்ததே ஆபத்து. ஆனாலும் வைத்திருந்தார்கள்.

மூன்றாவது, ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் கறுப்பும் வெள்ளையும் உடுத்திக்கொண்டு அந்தத் தாய்மார்கள் வெளியே வந்தார்கள். அதிபர் வருகிறார் என்றால் போலீஸ் அவர்களை வண்டியில் ஏற்றித் தொலை தூரத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து திரும்பி வருவார்கள். மறுபடியும் நிற்பார்கள்.

வெளியில் இருந்தும் உதவி கிடைத்தது. யூர்கன் ஹின்ட்ஸ்பீட்டர் என்ற ஜெர்மன் ஒளிப்பதிவாளர், ஒரு டாக்சி ஓட்டுநரின் உதவியால் உள்ளே போய் எடுத்த படச்சுருளை பிஸ்கட் டின்னுக்குள் ஒளித்து வெளியே கொண்டுபோனார். அந்தப் படங்கள் பிறகு தேவாலயங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் கள்ளத்தனமாகத் திரையிடப்பட்டன. பார்த்தவர்கள் அழுதார்கள், பிறகு கோபப்பட்டார்கள். 1987 ஜூனில் நாடே தெருவுக்கு வந்து அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெற்றது. அந்தக் கோபத்தின் வேர் குவாங்ஜு.

1988-இல் நாடாளுமன்ற விசாரணை தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பானது. 1995 ஜூலையில் அரசு வழக்குரைஞர்கள், வெற்றி பெற்ற ராணுவக் கவிழ்ப்பைத் தண்டிக்க முடியாது என்று சொல்லி வழக்கைக் கைவிட்டார்கள். எண்ணிப் பாருங்கள், ஜெயித்துவிட்டால் குற்றம் இல்லையாம்! மக்கள் கொதித்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே தனிச் சட்டம் வந்தது. 1996-இல் சுன் டூ-ஹ்வானுக்கு முதலில் மரண தண்டனை, மேல்முறையீட்டில் ஆயுள் தண்டனை. 1997 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டில் மே 18 தேசிய நினைவு நாள் ஆனது.

பதினேழு ஆண்டுகள். கலகக்காரன் என்ற சொல் போய், ஜனநாயகத்துக்காக உயிர் கொடுத்தவர் என்ற சொல் வர அவ்வளவு காலம் ஆனது. 2011-இல் யுனெஸ்கோ அந்த ஆவணங்களை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ராணுவ, நீதிமன்றக் கோப்புகளோடு, குடும்பங்கள் காத்து வைத்த நாட்குறிப்புகளும் அதில் இருக்கின்றன.

கணக்கு முழுதாகத் தீரவில்லை

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்லி உங்களை அனுப்ப மாட்டேன். சுன் டூ-ஹ்வான் 1997 டிசம்பரில் மன்னிக்கப்பட்டு வெளியே வந்தார். 1980-இல் அவருடைய ஆட்சி மரண தண்டனை விதித்த கிம் டே-ஜுங் அப்போதுதான் அதிபர் தேர்தலில் வென்றிருந்தார். அவரும் மன்னிப்புக்கு இசைந்தார். குடும்பங்கள் பல மனம் நொந்தன. சுன் 2021 நவம்பரில் இறக்கும்வரை மன்னிப்புக் கேட்கவில்லை. ஹெலிகாப்டரில் இருந்து சுட்டதைப் பார்த்தேன் என்று சாட்சி சொன்ன ஒரு பாதிரியாரைத் தன் நூலில் இழிவாக எழுதினார். சதுக்கத்தின் அருகில் உள்ள ஜோனில் கட்டடத்தின் மேல் மாடியில் 200-க்கும் மேற்பட்ட துப்பாக்கிக் குண்டுத் தடயங்கள் பின்னாளில் கண்டுபிடிக்கப்பட்டன. 2020 நவம்பரில் குவாங்ஜு நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது.

2023 மார்ச்சில் அவருடைய பேரன் குவாங்ஜுவுக்கு வந்தார். தாய்மார்கள் முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். இடுகாட்டில் தன் மேல்கோட்டைக் கழற்றிக் கல்லறைக் கற்களைத் துடைத்தார். 43 ஆண்டுகள் காத்திருந்த தாய்மார்கள் அந்தப் பிள்ளையைக் கட்டி அணைத்தார்கள்.

சதுக்கத்தையும் போராடித்தான் காப்பாற்றினார்கள். மாநில அரசு அலுவலகம் 2005-இல் வேறு ஊருக்குப் போனது. அந்த இடத்தில் பெரிய கலாசார மையம் கட்டினார்கள். கட்டும்போது பழைய கட்டடத்தின் ஒரு பகுதியை இடித்தார்கள். குண்டுத் தடங்கள்மீது வண்ணம் பூசினார்கள். வயதான தாய்மார்கள் அந்தக் கட்டடத்திலேயே பாய் விரித்து மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். கடைசியில் 1980-இல் இருந்தபடியே மீட்டுக் கட்ட அரசாங்கம் ஒப்புக்கொண்டது.

2024 டிசம்பர் 3 இரவு, தென் கொரிய அதிபர் மறுபடியும் ராணுவச் சட்டம் அறிவித்தார். சில மணி நேரத்தில் சியோலில் மக்கள் நாடாளுமன்றத்தின் முன் திரண்டார்கள். உறுப்பினர்கள் உள்ளே போய் 190 வாக்குகளால் அதை நீக்கக் கோரினார்கள். எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. விடிவதற்குள் ராணுவச் சட்டம் போய்விட்டது. 2025 ஏப்ரலில் அந்த அதிபரின் பதவியும் போனது. நள்ளிரவில் வயதானவர்களும் வீட்டை விட்டு ஓடி வந்ததற்குக் காரணம் கேட்டபோது, பலர் குவாங்ஜு என்றே சொன்னார்கள்.

நமக்கும் அந்தச் சதுக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. இழப்பீட்டுப் பணத்தில் ஒரு பங்கைப் போட்டு, குடும்பங்களும் மற்றவர்களும் சேர்ந்து 1994-இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். அது 2000 முதல் குவாங்ஜு மனித உரிமை விருது வழங்குகிறது. 2003-இல் இலங்கையில் காணாமல் போனோருக்காக உழைத்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார்கள். 2016-இல் நம் மலேசியாவின் பெர்சே 2.0 அமைப்புக்குக் கொடுத்தார்கள். அதைப் பெறப் புறப்பட்ட தலைவர் மரியா சின் அப்துல்லா விமான நிலையத்தில் தடுத்து நிறுத்தப்பட்டார். நம்மில் பலருக்கு அது நினைவிருக்கும். நம் ஊரில் நேர்மையான தேர்தல் கேட்டு நடந்தவர்களைக் குவாங்ஜுவின் தாய்மார்கள் தங்கள் சொந்தப் பிள்ளைகளாகப் பார்த்தார்கள்.

ஆகவே அன்பர்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டு அலமாரியில், தகர டப்பாவில், பழைய கைப்பையில் தாள்கள் இருக்கும். தாத்தாவின் தோட்டச் சம்பளச் சீட்டு, பிறப்புப் பத்திரம், தொழிற்சங்க அட்டை, ஏதோ ஒரு கூட்டத்தில் எடுத்த புகைப்படம். வீடு மாறும்போது குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். பாட்டி உயிரோடு இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், பிள்ளைகளை நோட்டில் எழுதச் சொல்லுங்கள், தேதி போடச் சொல்லுங்கள். நம்மைப் பற்றி யாரோ ஒரு சொல்லை எழுதி வைத்திருந்தால், அதை மாற்ற ஒரு நாள் அந்த நோட்டு தேவைப்படும். குவாங்ஜுவில் ஒரு பள்ளிக் குழந்தையின் நோட்டு அப்படித்தான் தேவைப்பட்டது.

இன்று மாலை 5.18-க்கும் அந்த மணிக்கூண்டு இசைக்கும். யூன் சாங்-வொனுக்கும், அவருக்கு முன்பே இறந்துபோன, அதே இரவுப் பள்ளியில் பாடம் சொன்ன ஒரு பெண்ணுக்கும் 1982-இல் ஆன்மாத் திருமணம் செய்து வைத்தார்கள். அவர்களுக்காக எழுதப்பட்ட பாட்டு அது.

பின்னால் தேநீரும் வடையும் வைத்திருக்கிறார்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.